நாற்பத்தொன்றாம் கம்பத்துக்கும் நாற்பத்திரண்டாம் கம்பத்துக்கும் நடுவே

ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் சாலை வளரத் தொடங்கியது. அன்று பாலுக்குப் போன கார்கள் பதினேழு, தயிருக்குப் போன கார்கள் ஒன்பது, பாலும் தயிரும் வாங்கி வீட்டுக்கு வந்தபிறகு கறிவேப்பிலை மறந்துபோனது தெரிந்து மறுபடியும் போன கார்கள் நான்கு, பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்பிய பள்ளி வேனைத் துரத்திக்கொண்டு போன கார் ஒன்று. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் நகரில் யார் வெளியே கிளம்பினாலும் வாட்ஸ்அப் குழுவில் 'யாருக்காவது ஏதாவது வேண்டுமா' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது வழக்கம். யாரும் எதுவும் வேண்டுமென்று சொல்ல மாட்டார்கள், கும்பிடு மட்டும் போடுவார்கள், அடுத்த ஐந்தாவது நிமிடம் அவர்களே காரை எடுத்துக்கொண்டு அதே கடைக்கு அதே கறிவேப்பிலைக்குப் போவார்கள். நந்தவனம் அவென்யூ இரண்டாம் கட்டக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அந்தக் குழுவை நான் படித்தாக வேண்டும். யாரும் நிற்காத பதவி அது. கூட்டத்துக்குத் தாமதமாக வந்த என் தலையில் கட்டிவிட்டார்கள். என் பெயர் செண்பகவல்லி.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து மேற்கே திரும்பி, முக்கு பிள்ளையார் கோயிலைத் தாண்டி, கீழ்ப்புத்தேரி கிராமத்தையும் அதன் ஏரிக்கரையையும் தாண்டி, அறுபத்திரண்டு மின்கம்பங்களை எண்ணிக்கொண்டே வந்தால் இரண்டரை கிலோமீட்டரில் எங்கள் நகர். இருநூற்றுப் பத்து வீடுகள், இருநூற்று ஐம்பது கார்கள். மனை விற்றவர் காட்டிய வரைபடத்தில் கடைத்தெரு இருந்தது, மருத்துவர் இருந்தார், பேருந்து நிறுத்தம் இருந்தது, நிழல் மரத்தடியில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்கூட நடந்து போனாள். குடிவந்து பார்த்தால் கடைத்தெருவுக்குப் பெயர்ப்பலகை மட்டும் நின்றது. மூன்றாம் தெரு பெர்னதெத் பாவம், வீட்டு ஜன்னல் வழியாக இட்லி மாவு விற்க ஆரம்பித்தாள். நகரின் தரம் குறைகிறது என்று சங்கம் தீர்மானம் போட்டு நிறுத்தியது, அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே மாவுக்குக் கார், மாத்திரைக்குக் கார், பென்சிலுக்குக் கார். நடைப்பயிற்சிக்கும் கார்தான்: ஐந்தாம் தெருக்காரர்கள் மூன்று தெரு காரில் வந்து, பூங்காவில் எட்டுச் சுற்று நடந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு காரில் வீடு திரும்புவார்கள். கேட்டுக்கு வெளியே நடந்து போகிறவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். காருக்கு ஸ்டிக்கர் இருக்கிறது, காலுக்கு யார் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்?

சாலை வளர்ந்ததை முதலில் பார்த்தவர் மின்கம்பம் பார்க்க வந்த லைன்மேன். நாற்பத்தொன்றாம் கம்பத்துக்கும் நாற்பத்திரண்டாம் கம்பத்துக்கும் நடுவே ஏரிக்கரையோரமாகப் புதிதாய் ஒரு கம்பம் நின்றது. அதற்குரிய கம்பியும் அதில் உட்கார இரண்டு கரிச்சான் குருவிகளும் அடியில் ஒரு சீமைக் கருவேல மரமும் அதன் நிழலுக்கான தார்ச்சாலையும் சேர்ந்தே வளர்ந்திருந்தன. லைன்மேன் வண்டியிலிருந்து சிவப்புப் பெயிண்டை எடுத்து அதன்மேல் 41-ஏ என்று எழுதினார். மறுநாள் 41-பி, மூன்றாம் நாள் 41-சி. எழுத்தெல்லாம் தீர்ந்துபோனபோது இரட்டை எழுத்துப் போட்டார். இது எப்படிங்க ஆகும் என்று கேட்ட என்னிடம், "நம்பர் இருந்தா போதும் மேடம், கம்பம் எங்கேர்ந்து வந்தா எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போனார்.

சங்கத் தலைவர் வைத்தியலிங்கம் சார் ஓர் ஆய்வுக் குழு அமைத்தார். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், குழு அமைக்காமல் அவருக்குத் தும்மலே வராது. ஏழு பேர் குழு, ஏழு கார்களில் சாலையை அளக்கப் போனது. முதல் காரின் மீட்டரில் மூன்று கிலோமீட்டர் காட்டியது, அதன் பின்னாலேயே வந்த இரண்டாவது காரில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது, ஏழாவது காரில் அதற்கும் கூடுதலாகக் காட்டியது. ஏழு பேரும் கேட்டில் நின்று அரைமணி நேரம் சண்டை போட்டு, பிறகு சரிபார்ப்பதற்காக மறுபடியும் ஏழு கார்களில் போனார்கள். கடைசியில் நான்காம் தெரு கல்லூரி வாத்தியார்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார்: ஒரு கார் ஒருமுறை போனால் சாலை ஒரு கார் நீளம் வளர்கிறது. போனால் ஒன்று, வந்தால் ஒன்று. இதைக் குழுவில் போட்டதும் எல்லோரும் மற்றவர்கள் காரைக் குறைக்க வேண்டுமென்று ஒருமனதாகக் கேட்டுக்கொண்டார்கள். பூனைக்கு மணி கட்டுவதில் எல்லோருக்கும் சம்மதம்தான், கட்டப் போவது பக்கத்து வீட்டுக்காரராக இருக்கிறவரைக்கும். வேகமாகப் போவதால்தான் வளர்கிறது என்று ஒருவர் சொல்ல, நூறடிக்கு ஒரு வேகத்தடை போட்டோம். அன்றிலிருந்து சாலை வேகத்தடையோடே வளர்ந்தது.

ஆடி முடிவதற்குள் மெயின் ரோட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, ஆவணியில் நான்கு மணி நேரம், புரட்டாசி பிறந்தபோது ஏழு, அதற்குப் பிறகு மணி பார்ப்பதை விட்டுவிட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? மனுஷர்கள் எதற்குத்தான் பழகவில்லை, இதற்குப் பழக மாட்டார்களா? காரிலேயே பல் விளக்கினார்கள், காரிலேயே சவரம் செய்தார்கள், டிபன் கேரியரை இரண்டடுக்கிலிருந்து ஐந்தடுக்காக மாற்றினார்கள். பள்ளி வேனில் பிள்ளைகள் முதலில் வீட்டுப்பாடம் செய்தார்கள், பிறகு டீச்சரே வேனில் ஏறிக்கொண்டு பாடம் நடத்தினார், அதன் பிறகு வேன் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டிய அவசியமே இல்லாமல் போனது, காலாண்டுத் தேர்வு 41-கேகே கம்பத்துக்கு அருகே நடந்தது. முதல் தெருப் பெண்ணை அதே சாலையில் பெண் பார்த்தார்கள். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் மூன்று மணி நேரம் ஓடின, பெண் ஜன்னலை இறக்கிப் பஜ்ஜித் தட்டை நீட்டினாள், மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போயிற்று. மனை விற்றவர் சும்மா இருப்பாரா? நடுவில் முளைத்த நிலத்தையெல்லாம் கல் நட்டு மூன்றாம் கட்டம் என்று விற்பனைக்கு விட்டார், 'நீளமான சாலை, விசாலமான வாழ்க்கை' என்று விளம்பரப் பலகை வைத்தார், வாங்கினார்கள். வாங்கியவர்களிடமும் கார் இருந்தது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்கிற மாதிரி இருக்கும். சிரிப்பு இல்லை, எரிச்சல். என் வீட்டுக்காரர் ஞானசேகரனுக்கு வேலை கிண்டியில். முன்பு காலை எட்டு மணிக்குக் கிளம்பினவர் ஆறுக்குக் கிளம்பினார், பிறகு நான்குக்குக் கிளம்பினார், பிறகு வாரநாட்களில் நண்பர் வீட்டில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை மட்டும் வந்தார், பிறகு சனிக்கிழமை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஹார்ன் அடித்து, குழந்தையைக் கொஞ்சி, ஒரு வாய் சாப்பிட்டு, அப்படியே காரைத் திருப்பினால்தான் திங்கட்கிழமை வேலைக்கு எட்டும் என்று ஆனது. கடைசி மூன்று வாரமாக அதுவும் இல்லை. எங்கள் மகள் மகிழினிக்கு மூன்றரை வயது. கைப்பேசி அடித்தால் 'அப்பா அடிக்குது' என்பாள், சார்ஜில் போட்டால் 'அப்பா சாப்பிடுது' என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எனக்கு இல்லை.

அவர் ஒன்றே ஒன்றில் உறுதியாக இருந்தார். விஜயதசமி அன்று மகிழினிக்கு எழுத்தறிவிப்பு, அவர் மடியில் உட்காரவைத்து அவரே விரலைப் பிடித்துப் பச்சரிசியில் 'அ' எழுதவைக்க வேண்டும். அவருடைய அப்பா லாரி ஓட்டுநர். இவருக்கு எழுத்தறிவித்த நாளில் அவர் நாக்பூர்ப் பக்கம் எங்கேயோ இருந்தார், யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் விரலைப் பிடித்து எழுதவைத்தாராம். குழந்தை என் வயிற்றில் இருந்தபோதே சொல்லியிருந்தார், என் பிள்ளைக்கு நான்தான் எழுதவைப்பேன் என்று. நல்ல நேரம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் அலுவலகத்தில் பூஜையை முடித்து, காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டு, பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார். "எப்படிப் போனாலும் விடிஞ்சா வீட்டுல இருப்பேன் செம்பா, பயப்படாத" என்றார். ஒருநாள் முழுக்கக் கையில் மிச்சம் இருந்தது. நானும் நம்பினேன்.

ஆயுத பூஜையை மறந்துபோனேன். பூஜையையா மறப்பேன், அதற்குப் பிறகு போகிற ரவுண்டை மறந்துபோனேன். எங்கள் நகரில் ஆயுத பூஜை என்றால் காரைக் குளிப்பாட்டி, கண்ணாடிக்குப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அதோடு விடாமல் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு முக்கு பிள்ளையார் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்வருவது. இருநூற்று ஐம்பது கார்கள், போனால் ஒன்று, வந்தால் ஒன்று. அன்று காலை பதறிப்போய்க் குழுவில் எழுதினேன்: பழத்தை நசுக்கியதோடு வண்டியை நிறுத்திக்கொள்ளுங்கள், இன்று ஒருநாள் மட்டும் ரவுண்டு வேண்டாம், என் வீட்டுக்காரர் வழியில் இருக்கிறார், அவரைப்போல இன்னும் முப்பது பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். நாற்பத்தாறு பேர் கும்பிடு போட்டார்கள். வைத்தியலிங்கம் சார் மட்டும் போனில் கூப்பிட்டார்.

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கேம்மா" என்றார்.

"சார், பூஜையில வச்ச ஆயுதத்தை அன்னிக்குத் தொடக் கூடாதுங்கறதும் சாஸ்திரம்தானே? அரிவாள்மனையை எடுக்க மாட்டோம், கத்தரிக்கோலை எடுக்க மாட்டோம், புத்தகத்தைப் பிள்ளைங்க தொட்டா அடிக்கிறோம். கார் மட்டும் எப்படி ஓடலாம்?"

"கார் ஆயுதம் இல்லம்மா. கார் வாகனம்."

"அப்ப எதுக்கு சார் ஆயுத பூஜையில வைக்கிறோம்?"

"நான் சீக்கிரம் போய்ட்டு சீக்கிரம் வந்துடறேன்" என்றார். எல்லோரும் அப்படித்தான் சீக்கிரம் போய்விட்டு வரக் கிளம்பினார்கள். பூச்சூடிய வண்டிகளுக்குச் சாலை தனி மரியாதை செய்ததோ என்னவோ, ஒரு காருக்கு ஒரு கார் நீளம் என்ற பழைய கணக்கு அன்று நடக்கவில்லை, ஒரு காருக்கு ஐந்தாறு கம்பம் என்று வளர்ந்தது. ஊர்வலம்போலக் கிளம்பியவர்களில் பாதிப் பேர் பிள்ளையாரைப் பார்க்காமலேயே பாதி வழியில் சுண்டலைப் பிரித்து உண்டுவிட்டுத் திரும்பினார்கள். மீதிப் பேர் திரும்பவே இல்லை, வழியில் இருந்தார்கள்.

சாயங்காலம் இவரைப் போனில் பிடித்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"கிட்ட வந்துட்டேன். 41-எம் தாண்டிட்டேன்."

"எந்த எம்? ஒத்தை எம்மா, ரெட்டை எம்மா?"

"மூணு எம்."

மூன்று எழுத்துக் கம்பங்கள் வந்துவிட்டன என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மகிழினி போனைப் பிடுங்கி, அரிசி ரெடி, தட்டு ரெடி, பாவாடை ரெடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "அப்பா வந்துடுவேன்டா தங்கம்" என்றார் அவர். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை, அதுதான் என்னை அதிகம் படுத்தியது.

விஜயதசமி காலை ஏழு மணிக்கு அவர் வரவில்லை. ஏழு மணிக்கு வந்தது அஞ்சலை. வீட்டு வேலைக்கு எங்களிடம் இரண்டு வருடமாக வருகிறாள், கீழ்ப்புத்தேரிக்காரி. கதவைத் திறந்துவிட்டு, தாம்பாளத்தில் பரப்பி வைத்த பச்சரிசியைப் பார்த்துக்கொண்டு, எனக்கு வந்த ஆத்திரத்தையெல்லாம் அவளிடம் கொட்டினேன்: இந்தச் சாலை, இந்தச் சங்கம், இந்த எலுமிச்சம்பழம், இந்த மனுஷன். அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். அப்போதுதான், இரண்டரை மாதம் கழித்து, அந்தக் கேள்வி என் மண்டையில் உறைத்தது. சாலை இப்படி வளர்ந்து கிடக்கையில் இவள் எப்படித் தினமும் ஏழு மணிக்கு வந்து நிற்கிறாள்? இருநூற்றுப் பத்து வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி. வேலைக்காரர்கள் ஏழு மணிக்கு வருவார்கள், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

"அஞ்சலைக்கா, நீ எப்படி வர்ற?"

"எப்டின்னா? நடந்துதான்."

"எவ்வளவு நேரம் ஆகுது?"

"எப்பவும்போல. இருவது நிமிசம் ஆவும், ஏரிக்கர மேல காத்தாட நின்னா இன்னும் அஞ்சு நிமிசம்." சோப்பு நுரையை வழித்துப் போட்டாள். "சாரக்கூடப் பாத்தனே இப்ப. வண்டில குந்தினு இருந்தாரு. கை ஆட்டினேன், அவரு ரோட்டையே பாத்துனு இருந்தாரு."

"எங்க?"

"ஏரிக்கரத் திருப்பத்துலதான். இங்கேர்ந்து போனா பத்து நிமிசம்."

"இதை ஏன்க்கா இத்தனை நாளா நீ சொல்லவே இல்லை?"

"நீங்க எங்கம்மா கேட்டீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். எனக்கு அவமானத்தில் காது சுட்டது, ஆனாலும் அவமானப்பட நேரம் இல்லை. மகிழினிக்குப் பட்டுப்பாவாடையைக் கட்டி, பச்சரிசியை ஒரு டப்பாவில் கொட்டி, தாம்பாளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். கேட்டில் காவலாளி தனபால் எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், நடந்தா போறீங்க? காரு ரிப்பேரா?"

"கார் வழியில இருக்கு."

"அப்ப இதுல ஒரு கையெழுத்து போட்ருங்க மேடம். நீங்க கொண்டு வந்த ரூல்தான்." நோட்டை நீட்டினார். வாகன எண் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன், யாரைப் பார்க்க என்ற இடத்தில் வீட்டுக்காரரை என்று எழுதினேன்.

மூன்று வருடத்தில் அந்தச் சாலையில் நான் காலை ஊன்றி நடந்தது அன்றுதான். கருவேலம்பூ வாசனை வந்தது, எருமைகள் ஏரியில் இறங்கிக்கொண்டிருந்தன, மகிழினி ஒவ்வொரு வேகத்தடை மேலும் ஏறி ஏறிக் குதித்தாள். கம்பங்களைக் கேட்டிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பத்திரண்டு வரைக்கும் ஒவ்வொன்றாக வந்தன. அதற்கப்பால் முளைத்தவை எல்லாம், ஒற்றை எழுத்தும் இரட்டை எழுத்தும் மூன்றெழுத்தும், கீரைக்கட்டுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றன. அவற்றைச் சுற்றி வர ஐம்பது அடிகூட ஆகவில்லை. அந்த ஐம்பது அடிக்குள்தான் வழியில் போய்க்கொண்டிருந்த எங்கள் நகர்க் கார்கள் அத்தனையும் இருந்தன. எப்படி அடங்கின என்று என்னைக் கேட்காதீர்கள், அடங்கியிருந்தன. சக்கரங்கள் சுழல்வது தெரியாத வேகத்தில் சுழன்றன, என்ஜின்கள் உறுமின, ஆனால் நான் ஓர் எட்டு வைக்கிற நேரத்தில் அவை ஒரு நூலளவுக்குமேல் நகரவில்லை. வைத்தியலிங்கம் சாரின் கார் மாலையோடு போய்க்கொண்டிருந்தது, உள்ளே அவர் மனைவி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் கார் ஏரிக்கரைத் திருப்பத்தில் மதகுத் திண்டுக்கு எதிரே இருந்தது.

ஜன்னலைத் தட்டினேன். இறக்கினார். அவர் தலைமுடி காற்றில் பறந்தது, ஒரு முழம் தள்ளி நின்ற என் சேலைத் தலைப்பு அசையவில்லை. இரண்டு நாள் தாடி, சிவந்த கண், மடியில் பொரி சிந்திக் கிடந்தது. வேகமானியின் முள் அறுபதில் நின்றது.

"செம்பா! இவ்வளவு தூரம் எப்படி வந்த? எத்தனை மணிக்குக் கிளம்பின?"

"எட்டு மணிக்கு."

"நேத்தா?"

"இன்னிக்கு. இப்ப மணி எட்டு பத்து. இறங்குங்க, நடந்தா பத்து நிமிஷத்துல வீடு. குளிச்சிட்டு உட்கார்ந்தாக்கூட ஒன்பது மணிக்கு எழுதிடலாம்."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். கை கதவு வரைக்கும் போனது, அங்கேயே நின்றுவிட்டது.

"காரை எங்க விடறது?"

"இங்கயே விடுங்க."

"நடு ரோட்டுலயா? பின்னாடி பாரு."

பின்னால் எங்கள் நகர்க்காரர்கள் வரிசையாக ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நிறுத்தச் சொன்னேன். கருவேல முள் டயரைக் கிழிக்கும் என்றார். ஏரிக்கரையில் ஏற்றச் சொன்னேன். எருமை உரசிவிடும் என்றார். போகட்டும், கீறினால் கீறட்டும் என்று கத்தினேன், நடுச்சாலையில் நின்று நான் இதுவரை யாரிடமும் கத்தினதில்லை. அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"பூஜை போட்ட வண்டி செம்பா. வீடு போய்ச் சேராம நடுவழியில அநாதையா விட்டுட்டு வரக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் ஏறிக்குங்க, ஏசி போடறேன், மூணு பேரும் சேர்ந்தே போயிடலாம்."

"எப்பப் போய்ச் சேருவோம்?"

கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்தார். "சாயங்காலம் ஆறுன்னு காட்டுது. முன்னப்பின்ன ஆகலாம்."

மகிழினி இரண்டு கையையும் அவரிடம் நீட்டினாள். அவர் ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் அவள் கன்னத்தைத் தொட்டார், தொட்ட இடத்தில் அவள் முடி காற்றில் பறந்தது. எனக்கு ஏறிவிடலாம் என்று தோன்றியது, பொய் சொல்லவில்லை. மூன்று வாரமாகப் பார்க்காத மனுஷன், உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, அவர் வாசனை வந்தது. அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பத்து நிமிடத்தில் வீடு இருக்கிறது, மனுஷனுக்கு இரண்டு கால் இருக்கிறது, நல்ல நேரம் இன்னும் ஆரம்பிக்கக்கூட இல்லை, அவ்வளவையும் வைத்துக்கொண்டு இவர் என்னை ஆறு மணிக்கு வரச் சொல்கிறார்.

"அப்பா, எறங்குப்பா" என்றாள் மகிழினி. "அரிசி இங்கயே இருக்கு."

"அப்பா வண்டிய வீட்டுல விட்டுட்டு வந்துடறேன்டா தங்கம். வந்ததும் மறுபடி எழுதலாம், சரியா?"

அவள் என்னைப் பார்த்தாள். மதகுத் திண்டில் நான் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டேன், தாம்பாளத்தை எதிரே வைத்து அரிசியைக் கொட்டிப் பரப்பினேன். ஒன்பது மணி ஆகட்டும் என்று காத்திருந்தோம். அந்தச் சாலையில் காத்திருந்தது நாங்கள் இருவரும்தான், மற்ற எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். எருமை மேய்க்க வந்த கீழ்ப்புத்தேரிக்காரர் ஒருவர் விஷயம் கேட்டு, கைகால் கழுவிக்கொண்டு வந்து, துண்டை இடுப்பில் கட்டி மரியாதையாகத் தள்ளி நின்றார். கார் இன்னும் எங்களுக்கு எதிரேதான் இருந்தது, கொஞ்சம் முன்னே பின்னே. ஒன்பது மணிக்கு மகிழினியின் ஆள்காட்டி விரலைப் பிடித்தேன்.

"இரு, இரு" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. கைப்பேசியை எடுத்து எங்கள் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார், கண் கலங்கியிருந்தது. "வீடியோ எடுக்கறேன். விரலை நல்லாப் பிடி செம்பா. குழந்தையக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு, முகம் தெரியல."

குழந்தையை நான் திருப்பவில்லை. அவள் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைத்தேன், எருமைக்காரர் கும்பிட்டார், அரிசியைக் கையால் பரத்திவிட்டு 'ஆ' எழுதவைத்தேன். மூன்றாவது எழுத்தைத் தானே எழுதுகிறேன் என்று மகிழினி என் கையைத் தள்ளிவிட்டாள், சுழி கோணலாக வந்தது, அதையே மறுபடியும் மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தாள். அதற்குள் கார் எங்களை ஒரு முழம் தாண்டிப் போயிருந்தது, எங்களைப் பார்க்க அவர் கழுத்தை முழுசாகப் பின்னால் திருப்ப வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் அப்படிப் பார்த்தார். பிறகு, சாலையைப் பார்த்து ஓட்ட வேண்டுமே, முன்னால் திரும்பிக்கொண்டார்.